மடியில் நில்லாத கிட்டார்



1958ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலை ஒரு புதிய எலெக்ட்ரிக் கிட்டாரை விற்பனைக்கு அனுப்பியது. கழுத்து மேலே இருக்கும்படி அதைப் பிடித்தால், உடல் ஆங்கில 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல இரண்டு சிறகாக விரியும். இடுப்பு வளைவு கிடையாது. கிட்டார் என்றதும் நம் மனத்தில் எழும் '8' போன்ற வடிவம் கிடையாது. வெளிர்நிறமான ஆப்பிரிக்க லிம்பா மரத்தில் செய்தார்கள். வணிகத்தில் அந்த மரத்துக்குக் கொரினா என்று பெயர். கிட்டாரின் பெயர் ஃபிளையிங் வி. கண்ணைப் பறிக்கும் இந்த உருவத்தில், எளிதில் கண்ணில் படாத ஒரு சிறு பொருளை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கீழ்ச் சிறகின் விளிம்பில், உட்கார்ந்து வாசிப்பவரின் தொடை படும் இடத்தில், வரிவரியாகப் பள்ளம் போட்ட ஒரு ரப்பர் பட்டையைப் பொருத்தியிருந்தார்கள். கிட்டார் மடியிலிருந்து நழுவிவிடக் கூடாது என்பதற்காக! இந்த வடிவம் மடியில் நிற்காது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ரப்பர் பட்டையில் அடங்கியிருக்கிறது. வழக்கத்துக்கு மாறான வடிவம் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரின் நன்மை தீமையைக் காதைவிட மடியும் தோளுமே தீர்மானிக்கின்றன. ஆகவே, அப்படியொரு கிட்டாரை வாங்க நினைப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, நான் எந்த நிலையில் அதிக நேரம் வாசிக்கிறேன் என்பதுதான்.

வடிவத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலாமரத்தைக் குடைந்து குடம் செய்கிறார்கள். குடத்தின் அளவு, சுவரின் கனம், மேற்பலகையின் மென்மை ஆகிய எல்லாம் ஒலியில் கேட்கும். குடத்தைச் சதுரமாக்கினால் அது வேறு வாத்தியமாகிவிடும். மரக் கிட்டாருக்கும் இதே நியதிதான். கம்பியின் அதிர்வைப் பலகை வாங்கி, உள்ளே இருக்கும் காற்றை அசைத்து, ஒலியாக வெளியே அனுப்புகிறது. அங்கே வடிவம் என்பதே ஒலி. திட உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரில் வேலை நடக்கும் விதம் வேறு. கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. அதைப் பிக்கப் என்கிறோம். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. கம்பி, பிக்கப், அது இருக்கும் இடம், கம்பிகளைத் தாங்கும் பாலம், ஆம்ப்ளிஃபயர், எல்லாவற்றுக்கும் மேலாக வாசிப்பவரின் விரல்: ஒலியை உருவாக்குபவை இவை. மரத்தின் பங்கு எவ்வளவு என்று கலைஞர்களும் கைவினைஞர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், உடலின் வெளிக்கோட்டுக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியதே.

வரலாறும் இதையே சொல்கிறது. வணிகத்தில் முதலில் நிலைபெற்ற எலெக்ட்ரிக் கிட்டார் 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்தது; அது ரிக்கன்பேக்கர் பெயரில் புகழ்பெற்றது. வார்ப்பு அலுமினியத்தில் செய்த சின்ன வட்ட உடல், அதிலிருந்து நீளும் கழுத்து. பார்ப்பதற்கு வாணலி மாதிரியே இருந்ததால் 'ஃபிரையிங் பான்' என்ற பட்டப்பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆகவே எலெக்ட்ரிக் கிட்டார் பிறக்கும்போதே விநோத வடிவத்தில்தான் பிறந்தது. ஆனால் அந்த வடிவம் யாருக்கும் தொல்லை தரவில்லை. ஹவாய் பாணியில் மடியில் கிடத்தி, மேலிருந்து இரும்புத் துண்டால் கம்பியைத் தேய்த்து வாசிக்கும் வாத்தியம் அது. கிடத்தி வாசிப்பதற்கு இடுப்பு வளைவு எதற்கு? வாசிக்கும் நிலையும் வடிவமும் அங்கே ஒத்துப்போயின. அடுத்த சான்று கிட்டார் கலைஞர் லெஸ் பால். 1940ஐ ஒட்டி அவர் நான்கு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் கழுத்தும் பிக்கப்பும் பொருத்தி, அதற்கு 'லாக்', அதாவது மரக்கட்டை என்றே பெயர் வைத்தார். பிறகு ஓர் எபிஃபோன் கிட்டாரைப் பிளந்து, அதன் இரு பக்கங்களையும் கட்டையின் இருபுறமும் ஒட்டவைத்தார். வெறுங்கட்டையை வாசித்தபோது அசையாத கூட்டம், பக்கங்களைச் சேர்த்து வாசித்தபோது வரவேற்றது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் வந்தது கண்ணுக்காக. திட உடல் கிட்டாருக்கு வழக்கமான வடிவம் என்பதே ஓர் ஒப்பனைதான் என்று அந்தக் கட்டை நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

வடிவம் ஒலியின் பிடியிலிருந்து விடுபட்ட பிறகு அதை எந்தப் பக்கமும் இழுக்கலாம் என்று ஆனது. 1950களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் புதுமையின் அடையாளமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிப்சனைப் பழைய காலத்து நிறுவனம் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். கிப்சனின் தலைவர் டெட் மெக்கார்ட்டி அதற்குப் பதில் சொல்ல விரும்பினார். கார்களுக்கு வால்சிறகு முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1957இல் மூன்று வடிவங்களுக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார்கள். அவற்றில் ஃபிளையிங் வியும், கோணல்மாணலாக நீண்ட எக்ஸ்புளோரரும் 1958இல் கடைக்கு வந்தன. சந்தையின் தீர்ப்பு கடுமையாக இருந்தது. 1958, 1959 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துத் தொழிற்சாலையை விட்டுப் போன ஃபிளையிங் வி நூறுகூட இல்லை. எக்ஸ்புளோரர் அதைவிடவும் குறைவு. இதே பிக்கப், இதே கைத்திறன் கொண்ட மற்றக் கிப்சன் கிட்டார்கள் அதே நாட்களில் விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆகவே வாங்க வந்தவர்கள் தயங்கியது ஒலியைக் கேட்டல்ல. மேடையில் நிற்கும் உருவத்துக்கு முன்னுரிமை கொடுத்துச் செய்த வடிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஒரு கிட்டார் கலைஞரின் வாழ்க்கையில் மேடையில் நிற்கும் நேரம் மிகக் கொஞ்சம். மீதி நேரமெல்லாம் நாற்காலியில், கட்டில் ஓரத்தில், நம் ஊர்ப் பக்கமானால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பயிற்சி செய்யும் நேரம். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிப்பவர்களோ கச்சேரியையே சப்பணமிட்டு அமர்ந்து செய்கிறார்கள். வழக்கமான கிட்டாரின் கீழ் வளைவு தொடையில் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஃபிளையிங் வியில் உட்காருவதற்கு வளைவே இல்லை. சாய்ந்த விளிம்புதான் இருக்கிறது. அதை வலது தொடைமேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இடது கை சுரம் தேடுவதை விட்டுவிட்டுக் கழுத்தைத் தாங்கும் வேலையில் இறங்கிவிடும். எக்ஸ்புளோரரில் நீண்ட மூலை வலது முன்கையின் அடியில் அகலமாக நிற்கிறது. சிறிய உடம்புக்காரர்களுக்கு அது ஒரு பலகையை அணைத்துக்கொண்டு உட்காருவது போலிருக்கும். 1963இல் கிப்சன் கொண்டுவந்த ஃபயர்பேர்டைக் கார் வடிவமைப்பாளரான ரே டீட்ரிக் வரைந்தார். அழகான கோடு அது. ஆனால் நீண்ட தலையும் அதில் பொருத்திய கனமான பாஞ்சோ வகை முறுக்காணிகளும் சேர்ந்து கழுத்துப் பக்கத்துக்கு எடை கூட்டின. கையை எடுத்தால் தலை தரையை நோக்கிச் சரியும். வாசிப்பு முடிந்த பிறகும் தொல்லை ஓய்வதில்லை. சாதாரண ஸ்டாண்டு கிட்டாரின் அடிப்பாகத்தை இரு கைகளில் ஏந்திக்கொள்ளும்; வியில் ஏந்துவதற்கு அடிப்பாகம் இல்லை, கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடும் ஸ்டாண்டு வேண்டும். கடையில் கிடைக்கும் பொதுவான பைகளுக்குள் அது அடங்காது. அதற்கென்று செய்த பெட்டி பெரிதாக இருக்கும், விலையும் கூடும், பேருந்திலும் ரயிலிலும் இடம் கேட்கும். கூர்முனைகள் கதவு நிலையில் இடித்து வண்ணம் பெயரும். மோசமாக விழுந்தால் முனையே உடையும். ஒவ்வொன்றும் சின்னச் சங்கடம்தான். ஆனால் தினமும் வருகிற சின்னச் சங்கடம் பயிற்சியைத் தின்றுவிடும் என்பதை இசை பயின்ற எவரும் அறிவர்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். வியின் உடல் இரு பக்கமும் பின்வாங்கிப் போவதால், கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் கடைசி ஃபிரெட்டுகள் வரை இடது கை தடையில்லாமல் ஏறலாம். வழக்கமான உடலில் அங்கே தோள் ஒன்று குறுக்கே நிற்கும். இன்னொரு நன்மை அதன் சமச்சீர். புளூஸ் மேதை ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, கம்பிகளைக்கூட மாற்றாமல், தடித்த கம்பி கீழே வரும்படி வாசித்தார். வழக்கமான கிட்டாரைத் திருப்பினால் கைக்கு வழிவிடும் வெட்டு தவறான பக்கம் போய்விடும். வியில் இரு பக்கமும் ஒன்றுதான். 'லூசி' என்று அவர் பெயரிட்டு வைத்திருந்த ஃபிளையிங் வி அவருடைய கைக்கென்றே பிறந்ததுபோல அமைந்தது. மெல்லிய கம்பியை மேலே தள்ளாமல் கீழே இழுத்து வளைத்த அந்தச் சுரவளைவுகள் பின்வந்த ஒரு தலைமுறையையே பாதித்தன. இடதுகைக்காரரான ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் வி வாசித்தவர். சந்தை ஒதுக்கிய வடிவம், சந்தை கணக்கில் எடுக்காத கைகளுக்கு இடம் கொடுத்தது. உட்கார்ந்து வாசிக்கவே முடியாது என்பதும் முழு உண்மையல்ல. கீழ்ச் சிறகை இரு தொடைகளுக்கும் நடுவே இறக்கி, கழுத்தை மேல்நோக்கிச் சாய்த்தால், ஏறக்குறைய கிளாசிக்கல் கிட்டார் கலைஞர்களின் அமர்வு கிடைக்கும். இடது மணிக்கட்டுக்கு அது நல்லதும்கூட. ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஒரு நிலைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டும்.

எல்லா விநோத வடிவத்தையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1954இல் ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர் வந்தபோது அதன் இரட்டைக் கொம்பும், முன்கை படும் இடத்திலும் வயிறு படும் இடத்திலும் செதுக்கிய சரிவுகளும் அந்தக் காலத்துக் கண்ணுக்கு விநோதமே. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பில் ஒரு காரணம் இருந்தது. மேற்கொம்பு நீண்டதால் தோள்வார் மாட்டும் குமிழ் கழுத்துப் பக்கம் நகர்ந்தது, எடை சமனானது. இன்று உலகத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் பலருக்கும் அந்த உருவமே நினைவுக்கு வரும். 1970களின் தொடக்கத்தில் ஓவேஷன் நிறுவனம் கொண்டுவந்த பிரெட்வின்னர், கோடரித்தலை போன்ற உருவம் கொண்டது; உட்கார்ந்தால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் தலையையே நீக்கினார். முறுக்காணிகளை உடலின் அடிப்பக்கம் கொண்டுபோய், உடலைச் சிறு பெட்டி அளவுக்குச் சுருக்கினார். கழுத்து சரியும் தொல்லை அடியோடு நீங்கியது. உடல் சிறுத்ததால் மடியில் நிறுத்த ஏதுமில்லாமல் போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தொடையில் ஊன்றிக்கொள்ள, மடக்கி விரிக்கும் தாங்கி ஒன்றை அவருடைய கிட்டார்களில் வைத்தார்கள். ரப்பர் பட்டைக்கும் இந்தத் தாங்கிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது முடிந்துபோன வடிவத்தின்மேல் பின்னர் போட்ட பரிகாரம். பின்னது உடம்பை யோசித்துத் தொடங்கிய வடிவத்தின் ஓர் உறுப்பு. விநோதம் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். கண்ணுக்காகச் செய்தது வெறும் பகட்டு, இசைக்கு அது தேவையில்லை என்பார் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வீணையின் கோடியில் இருக்கும் யாளிமுகம் ஒரு சுரத்தையும் கூட்டுவதில்லை. ஆனாலும் அதை வெட்டி எறிய நம்மில் எவருக்கும் மனம் வராது. வாத்தியம் காதுக்கு வேலை செய்யும் கருவி என்பதோடு, கையில் எடுக்கும்போதே மனத்தை ஒருநிலைக்குக் கொண்டுவரும் பொருளும்கூட. ராக் அண்ட் ரோல் கலைஞர் போ டிட்லியின் செவ்வகக் கிட்டாரை 1958இல் கிரெட்ச் நிறுவனம் அவருக்காகச் செய்துகொடுத்தது. அதன்பின் அந்தச் செவ்வகமே அவர் முகவரியானது. 1984இல் வெளிவந்த 'பர்ப்பிள் ரெயின்' படத்துக்காக மினியாபொலிஸ் கைவினைஞர் டேவ் ருசான் செய்த வெண்ணிறக் 'கிளவுட்' கிட்டார், பிரின்ஸ் என்ற கலைஞனின் உருவத்திலிருந்து பிரிக்க முடியாததாகிவிட்டது. மேடைக் கலையில் தோற்றமும் ஒரு மொழி. நான் வற்புறுத்துவது வேறொன்றை. அந்த மொழியைப் பேசும் மேடை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய அறைக்குள் மடியில் நழுவும் கிட்டாரோடு போராடுபவருக்குத் தோற்றத்தின் பலன் கிடைப்பதில்லை, அதன் விலை மட்டுமே கிடைக்கிறது.

தோற்றத்தின் வியப்புக்கு ஆயுளும் உண்டு. ஃபிளையிங் வி 1967இல் மீண்டும் உற்பத்திக்கு வந்தது, எக்ஸ்புளோரர் 1970களின் நடுவில் வந்தது. அதன்பின் டீன், ஜாக்சன், பி.சி. ரிச் என்று பல நிறுவனங்கள் கூர்முனைக் கிட்டார்களைச் செய்து குவித்தன. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வி வடிவத்தைத் தன் வணிகமுத்திரையாகப் பாதுகாக்கக் கிப்சன் கோரியதை அது ஏற்கவில்லை. வெளிவந்த காலத்தில் அந்த வடிவம் மிகப் புதுமையானதாக இருந்திருக்கலாம். ஆனால் சந்தையில் இன்று எத்தனையோ வடிவங்களில் அதுவும் ஒன்று என்பது தீர்ப்பின் சாரம். வியப்பை நம்பி வாங்குபவர் இதை நினைவில் வைக்க வேண்டும். நாளடைவில் வியப்பு வடிந்துவிடும், மடியில் நழுவுவது மட்டும் மிஞ்சும். இன்னொன்றும் நேர்ந்தது. 1980களில் கூர்முனைக் கிட்டாரும் ஹெவி மெட்டல் இசையும் இணைபிரியாதவை ஆயின. ஆல்பர்ட் கிங்கின் புளூஸும், 1960களில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் வாசித்த பாப் இசையும் இதே வியில்தான் ஒலித்தன என்பதைக் கேட்போர் மறந்துவிட்டார்கள். ஆகவே மெல்லிசைக் குழுவிலோ தேவாலயத்திலோ வாசிப்பவர், முதல் சுரத்துக்கு முன்பே தன் கிட்டார் தன்னைப் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு வாதம், அரிய வடிவம் நாளைக்கு விலை ஏறும், அதனால் அது முதலீடு என்பது. 1958ஆம் ஆண்டின் அசல் ஃபிளையிங் வி இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் அந்த விலை எங்கிருந்து வந்தது? நூறுகூட விற்காத தோல்வியிலிருந்து வந்தது. இன்று ஆயிரக்கணக்கில் செய்து தள்ளப்படும் அதே வடிவத்துக்கு அந்த அருமை வர வழியில்லை. பெயர்பெற்ற வடிவங்களை விட்டு விலகிப் போகப் போக, பழைய கிட்டாரை வாங்க வருபவர்களின் கூட்டமும் குறையும். விற்கும் நாள் வரும்போது நீங்கள் எல்லோருக்கும் விற்க முடியாது. உங்களைப் போன்ற ரசனையும் உங்களைப் போன்ற உடற்பழக்கமும் உள்ள ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். கற்கத் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு ஆசைப்பட்ட கிட்டாரைக் கொடுத்தால்தான் அதை ஆசையோடு எடுக்கும். யாரோ நல்லதென்று சொன்ன கிட்டார் சுவரில்தான் தொங்கும். இந்த வாதத்தில் பெரும் உண்மை இருக்கிறது. எந்தப் பயிற்சிக்கும் ஆசையே முதல். ஆனால் ஆசை வாத்தியத்தை எடுக்க வைக்கும். ஒரு மணி நேரம் கீழே வைக்காமல் வைத்திருக்க உடம்பின் சம்மதம் வேண்டும். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்துக் கிட்டாரைக் கீழே வைக்கும் பிள்ளை, வடிவத்தைக் குறை சொல்லாது. தனக்கு வாசிக்க வரவில்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும். விநோத வடிவத்தால் நேரும் இழப்புகளில் எனக்கு மிகவும் வலிக்கிற இழப்பு இதுதான். ஆகவே ஆசையை மறுக்காதீர்கள், அதோடு ஒரு நாற்காலியையும் சேருங்கள். கடையில் கை இல்லாத சாதாரண நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். தோள்வார் மாட்டாமல் அரைமணி நேரம் வாசியுங்கள். பிறகு வாரை மாட்டி நின்று வாசியுங்கள். இடது கையை எடுத்துவிட்டுத் தலை சரிகிறதா என்று பாருங்கள். அதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து பாருங்கள். உட்கார்ந்து வாசிக்க ஏற்கெனவே ஒரு கிட்டார் இருந்து, இது இரண்டாவதாக வந்தால், உட்கார்ந்து வாசிக்கும்போதுள்ள குறைகளை மன்னிக்கலாம். இதுவே ஒரே கிட்டார் என்றால் மன்னிக்க முடியாது. இடதுகைக்காரர்களும், மேல் ஃபிரெட்டுகளிலேயே உலவுபவர்களும், நின்றே வாசிப்பவர்களும் இந்தச் சோதனையில் வேறு விடை காண்பார்கள். அந்த விடையும் சரியானதே.

கலமசூவில் அந்த ரப்பர் பட்டையைப் பொருத்திய தொழிலாளியை நினைத்துப் பார்க்கிறேன். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. வரைபடம் போட்டவர்களின் கண் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், விரலளவு ரப்பரால் அவர் வீட்டு நாற்காலியில் உட்காரப்போகும் யாரோ ஒருவருடைய தொடைக்கு வழிசெய்துகொண்டிருந்தார். கடையில் ஒரு விநோத வடிவத்தின் முன் மயங்கி நிற்கும்போது, கிட்டாரைத் திருப்பி அந்த விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். உட்காரும் உங்களை யாராவது நினைத்திருக்கிறார்களா என்று உங்கள் கையே சொல்லிவிடும்.